கடைவாசலில் வந்த அழைப்பாணை

கொழும்புப் புறக்கோட்டையிலே ஒரு மொத்த வியாபாரக் கடை இருப்பதாகக் கொள்வோம். காலை பத்து மணி. நாட்டாமைகள் மூட்டைகளை இறக்குகின்றனர். பெட்டியடியில் இருப்பவர் சில்லறை எண்ணுகிறார். கையிலே கடதாசிக் கட்டுடன் ஒருவர் படியேறி வந்து, "முதலாளி இருக்கிறாரோ?" என்று கேட்கிறார். வந்தவர் நீதிமன்றத்துப் பிஸ்காலின் ஆள் என்பது கணக்கப்பிள்ளைக்குப் பார்த்த மாத்திரத்தே விளங்கிவிடுகிறது. முதலாளி உள்ளறையிலே தேநீர் அருந்திக்கொண்டிருக்கிறார். "ஐயா ஊரில் இல்லை, எப்போது வருவார் என்று சொல்வதற்கில்லை" என்று விடை பிறக்கிறது. முன்னர் பதிவுத் தபாலில் வந்த உறையும் இவ்வாறே ஏற்கப்படாமல் திரும்பியிருக்கிறது. பிஸ்காலின் ஆள் பின்னும் இருமுறை வருகிறார்; அதே விடையையே பெறுகிறார். மூன்றாம் முறை, கொண்டுவந்த கடதாசியைக் கதவு நிலையிலே ஒட்டிவிட்டுப் போகிறார். மாலையில் கடைப்பையன் ஒருவன் அதனைக் கிழித்தெறிகிறான். தொல்லை தீர்ந்தது என்று கடையிலுள்ளோர் எண்ணுகின்றனர்.

சில மாதங்கள் சென்றபின் இன்னொரு கடதாசி வருகிறது. அஃது அழைப்பாணை அன்று, தீர்ப்பாணை. வழக்காளி சொன்னதைமட்டும் கேட்டு, எதிராளி வராத காரணத்தால், பணமும் வட்டியும் செலவும் கொடுக்கவேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டுவிட்டது. ஒருவேளை முதலாளி அந்தப் பணத்தை முன்னரே கொடுத்துத் தீர்த்திருக்கலாம். பற்றுச்சீட்டு இரும்புப் பெட்டியிலேயே இருக்கலாம். ஆனால் அதனைக் காட்டவேண்டிய நாளிலே காட்டுவதற்கு ஆள் இல்லை.

அழைப்பாணை என்னும் சொல்லைக் கேட்டதும் நம்மவரிற் பலர் அதனைத் தண்டனையின் முதற்படி என்று கருதுகின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. ஒருவர்மேல் வழக்கு வந்திருக்கிறது, இன்ன நாளில் வந்து மறுமொழி சொல்லலாம் என்று அவருக்கு அறிவிப்பதே அதன் தொழில். அஃது எதிராளியின் நன்மைக்காக ஏற்பட்ட ஓலை. அதனைச் சேர்ப்பிக்காமல் விசாரணையைத் தொடங்க நீதிமன்றத்துக்கே அதிகாரம் இல்லை. ஆகவே, ஒளிந்துகொள்பவர் வழக்காளியிடமிருந்து ஒளியவில்லை. தமக்கென்று வைக்கப்பட்ட ஆசனத்திலிருந்தே ஒளிகிறார்.

ஆயினும், கடைகளிலும் கம்பனிகளிலும் அழைப்பாணையைச் சேர்ப்பித்தல் ஒரு தனிமனிதரின் வீட்டிலே சேர்ப்பிப்பதைப்போல எளிதான காரியம் அன்று. ஒரு மனிதருக்குக் கை உண்டு, கையிலே கொடுத்துவிடலாம். கம்பனிக்குக் கை ஏது? கூட்டுத்தாபனத்துக்கு ஆன்மா இல்லை என்று 1612 இல் ஆங்கில நீதிபதி எட்வேர்ட் கோக் எழுதிவைத்தார். ஆன்மா இல்லாதது ஒருபுறமிருக்க, கதவைத் திறந்து "நான்தான்" என்று சொல்வதற்கு அதற்கு ஓர் உடலும் இல்லை. அவ்வாறாயின், யாருடைய கையிலே கொடுத்தாற் கம்பனியின் கையிலே கொடுத்ததாகும்? காவற்காரனிடமா? தட்டெழுத்தாளரிடமா? விற்பனையாளரிடமா? இந்தக் கேள்வியோடு நீதிமன்றங்கள் நெடுங்காலம் போராடியுள்ளன. அப்போராட்டத்தில் மூன்று வழக்குகள் கேட்கத்தக்கவை.

முதலாவது, 1902 இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. கூடெல் என்னும் ஜெர்மானியக் கம்பனி மோட்டார் வண்டிகளைச் செய்து விற்றுவந்தது. இங்கிலாந்திலே அதற்கு அலுவலகம் கிடையாது. அங்கு நடந்த ஒரு கண்காட்சியிலே ஒன்பது நாட்களுக்கு ஓர் இடத்தை வாடகைக்கு எடுத்து, வண்டிகளை நிறுத்தி, அவற்றின் சிறப்பை எடுத்துரைக்க ஒருவரை அமர்த்தியது. தங்கள் காப்புரிமையை மீறிய சக்கர உறைகள் அவ்வண்டிகளிலே பூட்டப்பட்டிருக்கின்றன என்று டன்லப் கம்பனியார் வழக்கிட்டனர். வழக்கோலையைக் கண்காட்சியில் நின்ற அந்த மனிதரின் கையிலேயே கொடுத்துவிட்டனர். "ஒன்பது நாட் கூடாரம் ஒரு வியாபாரத் தலமாகுமா?" என்பது எதிராளிகளின் வாதம். ஆகும் என்றது நீதிமன்றம். குறித்த ஓரிடத்தில், கணிசமான காலம், தன் ஆளைக்கொண்டு தன் தொழிலையே கம்பனி நடத்தியது. ஆதலின் அந்த ஒன்பது நாட்களும் அஃது அங்கே வாழ்ந்ததாகவே கொள்ளவேண்டும் என்று தீர்ப்பளித்தது. பத்தாம் நாள் போயிருந்தால் அங்கே கொடுப்பதற்கு எவரும் இருந்திரார்.

இதனைக் கேட்டு, எந்த முகவரிடம் கொடுத்தாலும் போதும் என்று எண்ணிவிடலாகாது. 1914 இல் வந்த வழக்கு அந்த எண்ணத்தைத் திருத்துகிறது. போர்ஸ்பாக்கா என்னும் சுவீடன் நாட்டு இரும்புக் கம்பனிக்கு இலண்டனிலே முகவர்கள் இருந்தனர். ஒக்கூரா என்னும் ஜப்பானிய நிறுவனத்தார் அம்முகவர்களின் அலுவலகத்திலே வழக்கோலையைச் சேர்ப்பித்தனர். அஃது ஆண்டுக்கணக்காக நிலைத்திருந்த அலுவலகம். ஒன்பது நாட் கூடாரம் அன்று. எனினும் அந்தச் சேர்ப்பிப்புச் செல்லாது என்று நீதிமன்றம் தள்ளியது. ஏனெனில், அம்முகவர்கள் கேள்விகளைச் சுவீடனுக்கு அனுப்பி, அங்கிருந்து வரும் விடையை வாங்கிக் கொடுப்பவர்களேயன்றிக் கம்பனியின் பெயரால் தாமே ஒப்பந்தம் செய்யும் பொது அதிகாரம் பெற்றவர்கள் அல்லர். அவர்கள் நடத்தியது தங்கள் வியாபாரமே. பெயர்ப்பலகையைப் பார்த்து ஏமாறாமல், உள்ளே நடப்பது யாருடைய தொழில் என்று பார்க்கவேண்டும் என்பது இவ்விரு தீர்ப்புகளையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்ப்பவர்க்குப் புலனாகும்.

மூன்றாவது வழக்கு அமெரிக்காவிலே எழுந்தது. இன்டர்நஷனல் ஷூ கம்பனி மிசூரி மாநிலத்துச் சென்ற் லூயிஸ் நகரிலே இருந்து பாதணிகளை விற்றுவந்தது. தொலைவிலுள்ள வொஷிங்டன் மாநிலத்தில் 1937 முதல் 1940 வரை அதற்குப் பதினொருவர் முதற் பதின்மூவர் வரையில் விற்பனையாளர் இருந்தனர். அவர்களுடைய கையிலே கம்பனி கொடுத்தது ஒவ்வொரு சோடியிலும் ஒற்றைச் செருப்பு மட்டுமே! அது மாதிரிக்காக. கொள்வனவுக் கட்டளையை ஏற்பதும் பொருளை அனுப்புவதும் சென்ற் லூயிஸிலிருந்தே நடந்தன. "எமக்கு அங்கே கடையும் இல்லை, சரக்கும் இல்லை, ஆகவே யாம் அங்கே இல்லை" என்று கம்பனி சொல்லக்கூடியதாக எல்லாம் அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் அவ்விற்பனையாளர்கள் பெற்ற தரகோ ஆண்டுக்கு 31,000 டொலருக்கு மேற்பட்டது.

வேலையற்றோர் உதவி நிதிக்குச் செலுத்தவேண்டிய பணத்தை அம்மாநிலம் கேட்டது. அறிவித்தலை அங்கிருந்த ஒரு விற்பனையாளரின் கையிலே கொடுத்து, அதன் பிரதியொன்றைப் பதிவுத் தபாலிற் சென்ற் லூயிஸ் நகருக்கும் அனுப்பியது. வழக்கு நாட்டின் உயர் நீதிமன்றம்வரை சென்றது. 1945 டிசம்பரிலே பிரதம நீதியரசர் ஹார்லன் பிஸ்க் ஸ்டோன் தீர்ப்பை எழுதினார். ஒரு மாநிலத்திலே தொடர்ந்து தொழில் நடத்தி, அதன் சட்டங்களின் பாதுகாப்பையும் பயனையும் அனுபவித்த கம்பனி, அங்கிருந்து எழும் கடப்பாட்டுக்கு அங்கேயே மறுமொழி சொல்வது நியாயத்துக்கு விரோதம் ஆகாது என்பது அதன் சாரம். கொடுத்த முறையும் போதும் என்றார், விற்பனையாளர் கையிற் கொடுத்த ஓலை கம்பனிக்கு எட்டும் என்று நம்ப இடமிருந்தது, தபாலும் சென்றிருந்தது. ஒற்றைச் செருப்பின் சாமர்த்தியம் பலிக்கவில்லை.

இனி இலங்கையின் சட்டத்துக்கு வருவோம். 1889 இல் இயற்றப்பட்டுப் பின்னர்ப் பலமுறை திருத்தப்பெற்ற குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை, தனது 59 ஆம், 60 ஆம் பிரிவுகளிலே இக்காரியத்தை வகுத்துரைக்கிறது. அழைப்பாணை சாதாரணமாகப் பதிவுத் தபாலிலே செல்லும். எதிராளி ஒரு கம்பனியாயின், அதன் பதிவு அலுவலகத்திலே சேர்ப்பிக்கலாம். பதிவு அலுவலகம் இல்லையாயின் அதன் முதன்மையான வியாபாரத் தலத்திலே சேர்ப்பிக்கலாம். தபால் பயன்படவில்லையென்றால், பிஸ்கால் மூலமாகவோ கிராம அலுவலர் மூலமாகவோ நேரிலே கொடுக்கும்படி நீதிமன்றம் பணிக்கும். கம்பனிக்கு நேரிலே கொடுப்பது என்றால், அதன் செயலாளர், அவரையொத்த அலுவலர், ஒரு பணிப்பாளர், அல்லது முதன்மையான வியாபாரத் தலத்துக்குப் பொறுப்பாயிருப்பவர் ஆகிய இவர்களில் ஒருவரின் கையிலே கொடுப்பது, அல்லது கொடுக்க நீட்டுவது. "நீட்டுவது" என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். கையை மடக்கிக்கொண்டால் ஓலை வரவில்லை என்று ஆகிவிடாது.

பொறுப்பாயிருப்பவர் என்பதும் எளிய சொல் அன்று. மூட்டை சுமப்பவரோ, அன்றைக்குமட்டும் பெட்டியடியில் அமர்ந்த மைத்துனரோ பொறுப்பாளர் ஆகார். அத்தகையோரிடம் கொடுத்துவிட்டுக் கம்பனிக்கு நேரிலே கொடுத்தாயிற்று என்று பிஸ்காலின் ஆள் எழுதினால், அது கேள்விக்கு உள்ளாகும்.

2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் ஒவ்வொரு கம்பனிக்கும் இலங்கையிலே ஒரு பதிவு அலுவலகம் இருந்தே தீரவேண்டும் என்கிறது. உலகம் கம்பனியின் கதவைத் தட்டுவதற்கு ஏற்பட்ட இடம் அது. கொள்ளுப்பிட்டியிலிருந்து நுகேகொடைக்குக் கடையை மாற்றியவர்கள் வாடிக்கையாளர் எல்லாருக்கும் அறிவித்துவிட்டுக் கம்பனிப் பதிவாளருக்குமட்டும் அறிவிக்க மறப்பதுண்டு. வழக்கு வரும்போது ஓலை போவது பதிவேட்டிலுள்ள பழைய விலாசத்துக்கே. அங்கே இப்போது ஒரு தையற்கடை இருக்கலாம்.

கடையென்றால் எல்லாமே கம்பனி அன்று என்பதையும் இங்கே சொல்லவேண்டும். "இன்னார் அன் சன்ஸ்", "இன்ன ஸ்ரோர்ஸ்" என்று பலகையில் எழுதுவது, பதிவு செய்யப்பட்டிருந்தாலும், ஒரு வியாபாரப் பெயர்மட்டுமே. 1918 ஆம் ஆண்டிலேயே இலங்கையில் வியாபாரப் பெயர்களைப் பதிவதற்கு ஒரு கட்டளைச்சட்டம் வந்துவிட்டது. ஆயினும் பெயரைப் பதிந்த மாத்திரத்தால் அதற்கு உயிர் உண்டாகிவிடாது. அப்பெயருக்குப் பின்னால் நிற்கும் மனிதரே எதிராளி. பங்குக் கடையாயின் பங்காளிகளே பொறுப்பாளிகள். ஆகவே, வழக்குத் தொடுப்பவர் பெயர்ப்பலகையை வாசித்துவிட்டு நீதிமன்றத்துக்கு ஓடாமல், பதிவேட்டைப் பார்த்துவிட்டுச் செல்வது காலத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

இனி, ஓலை கொண்டுவருபவரின் அதிகாரத்துக்கு எல்லை எது? அழைப்பாணை ஒரு சோதனைக் கட்டளை அன்று. அதனைக் கொண்டுவந்தவர் கடையின் முன்புறத்திலே, வாங்க வருவோர் வரும் இடத்திலே வரலாம், கேட்கலாம், கொடுக்கலாம். பேரேட்டைப் புரட்டவோ, இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொல்லவோ, பொருளொன்றைத் தூக்கிச் செல்லவோ, உள்ளறைக்குள் தள்ளிக்கொண்டு போகவோ அந்தக் கடதாசி அவருக்கு உரிமை கொடுப்பதில்லை. சொத்தைக் கைப்பற்றுவதற்கு வருபவர் வேறு. அவர் தீர்ப்புக்குப் பின்னர், அதற்கென்று பிறந்த வேறொரு கட்டளையோடு வருவார். இவ்விரண்டு பேரையும் ஒருவரென்று மயங்கியே நம்முடைய வணிகர் பலர் முதலாமவரைக் கண்டதும் கதவைச் சாத்துகின்றனர். முதலாமவருக்குக் கதவைத் திறந்திருந்தால் இரண்டாமவர் வராமலே போயிருக்கலாம்.

கதவைப்பற்றிய ஒரு பழைய வழக்கு உண்டு. இலண்டனிலே பிளாக்பிரையர்ஸ் என்னும் பகுதியில் கிரெஷம் என்பவரும் அவருடைய கூட்டாளி ஒருவரும் ஒரே வீட்டிலே இருந்தனர். கூட்டாளி கடனோடு இறந்தார். அவர் பொருள்களைக் கைப்பற்ற ஷெரிப் வந்தபோது கிரெஷம் கதவைச் சாத்திவிட்டார். கடன் கொடுத்த செமெயின் வழக்கிட்டுத் தோற்றார். ஒருவருக்கு அவருடைய வீடு கோட்டை போன்றது. தனியார் ஒருவரின் கடனுக்காக அதன் கதவை உடைக்கலாகாது என்று 1604 இல் தீர்ப்பாயிற்று. ஆனால் இந்தக் கோட்டை குடியிருக்கும் வீட்டுக்கே உரியது. 1895 இலே ஒரு தொழிற்கூடத்தின் வெளிக்கதவைத் தீர்ப்பை நிறைவேற்ற வந்த ஷெரிப் உடைத்தது சரியே என்று ஆங்கில நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவ்வாங்கிலத் தீர்ப்புகள் இலங்கைக்கு அப்படியே பொருந்துவன என்று கொள்ளலாகாது. வீட்டுக்கும் கடைக்கும் சட்டம் வைத்த வேறுபாடு எத்துணைப் பழையது என்பதற்காகவே அவை இங்கே எடுத்துக் காட்டப்பட்டன.

காலத்துக்கும் எல்லை உண்டு. 1677 இல் ஆங்கிலப் பாராளுமன்றம், இராசத்துரோகம், பெருங்குற்றம், சமாதானக் குலைவு ஆகியவை ஒழிந்த காரியங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையில் ஓலை சேர்ப்பிக்கலாகாது என்று விதித்தது. கிழமையில் ஆறு நாட்கள் பூட்டிய அறைக்குள் இருந்துவிட்டு, ஞாயிறன்று மட்டும் நல்லாடை உடுத்து வீதியில் உலாவிய கடனாளிகள் அக்காலத்திலே இருந்தனர். அவர்களுக்கு "ஞாயிற்று மனிதர்" என்று ஊரார் பெயரும் வைத்திருந்தனர்.

ஊழியர் ஒருவரின் சொந்த வழக்குக்கான ஓலை அவர் வேலைபார்க்கும் கடைக்கு வருவதும் உண்டு. அரசாங்க ஊழியராயின், திணைக்களத் தலைவருக்கு நீதிமன்றம் அதனைப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். உரியவருக்கு நேரிலே சேர்ப்பிப்பது அத்தலைவரின் கடமை என்று கோவை சொல்கிறது. தனியார் கடை முதலாளிக்கு அத்தகைய கடமை விதிக்கப்படவில்லை. தம் ஊழியரை முன்னே அழைத்துவிடுவது அவருடைய பண்பைப் பொறுத்தது.

ஓலையைத் தடுப்பவருக்கும் எல்லை உண்டு. சேர்ப்பிக்க விடாது வேண்டுமென்றே தடுப்பதும், முறைப்படி ஒட்டப்பட்டதைக் கிழிப்பதும் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிலே குற்றங்கள். நாம் முதலிலே கண்ட கடைப்பையன், முதலாளிக்கு உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு, தன் தலைமேல் ஒரு குற்றத்தை ஏற்றிக்கொண்டான். அவனுக்கு அதனைச் சொல்லிக்கொடுக்க அந்தக் கடையிலே எவரும் இல்லை. கணக்கப்பிள்ளைக்கே அது தெரிந்திருக்கவில்லை.

அந்த முதலாளியிடம் திரும்புவோம். தீர்ப்பாணையின் பிரதி கைக்கு வந்துவிட்டது. வராமையால் அளிக்கப்பட்ட தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்ய இயலாது. கோவையின் 88 ஆம் பிரிவு அந்த வழியை அடைத்துவிட்டது. திறந்திருப்பது ஒரு சிறு வாசல். தீர்ப்பாணை கிடைத்து பதினான்கு நாட்களுக்குள் அதே நீதிமன்றத்துக்கு மனுச்செய்து, வராமைக்கு நியாயமான காரணம் இருந்தது என்று மெய்ப்பிக்கவேண்டும். அழைப்பாணை எனக்குக் கிடைக்கவேயில்லை என்பது நல்ல காரணந்தான், அஃது உண்மையாயின். ஆனால் சேர்ப்பித்தமைபற்றிய சத்தியக் கடதாசி ஏற்கனவே வழக்கேட்டில் இருக்கிறது. மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை அது சொல்வதையே நீதிமன்றம் சரியெனக் கொள்ளும். மெய்ப்பிக்கும் சுமை முதலாளியின் தோளிலே. எந்தத் தேதியிலே யார் வந்தார், யாரிடம் பேசினார், என்ன கொடுத்தார் என்று கடையிலே ஒரு குறிப்பேடு வைத்திருந்தால் அது பேசும். இந்தக் கடையிலோ தபால் முத்திரைக் கணக்குக்கு ஏடு உண்டு, இதற்கு இல்லை.

எனினும் அவருக்கு ஒரு நூலிழை எஞ்சியிருக்கிறது. முயன்றும் நேரிலே கொடுக்க இயலாதபோது ஒட்டலாம் என்று சொல்லும் 60 ஆம் பிரிவு, எங்கே ஒட்டவேண்டும் என்பதையும் சொல்கிறது. எதிராளி கம்பனியாயின், அல்லது கூட்டிணைக்கப்படாத ஒரு சபையாயின், வழக்கமான வியாபாரத் தலத்திலோ அலுவலகத்திலோ ஒட்டலாம். தனிமனிதராயின், அவர் சாதாரணமாகக் குடியிருக்கும் வீட்டிலே ஒட்டவேண்டும். ஒரே கதவு நிலை, ஒரே பசை, ஒரே கடதாசி. பலகைக்குப் பின்னால் இருப்பது கம்பனியானால் அது செல்லும். தனிமனிதரானால் அதனைச் செல்லாதென்று வாதிக்க இடமுண்டு.

ஆகவே அவருடைய சட்டத்தரணி முதலிற் கேட்பது, கடை யாருடைய பெயரிலே இருக்கிறது என்பதே. கம்பனி அன்று, தமக்கே உரியது என்று முதலாளி மகிழ்ச்சியோடு சொல்கிறார். அடுத்த கேள்வி, அவர் எங்கே குடியிருக்கிறார் என்பது. கடையின் மேல்மாடியிலே என்கிறார் அவர். ஏறிப்போவதும் அந்த வாசலாலேதான்.